ஜாண் ரோஸ் இடம் ஒழித்த சனிக்கிழமை

சனிக்கிழமை காலை எட்டே காலுக்கு ஜாண் ரோஸ் ஒரு சபதம் எடுத்தார். மத்தியானம் மணி ஒன்று ஆவதற்குள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்து ஜிபி இடம் ஒழித்துக் காட்டுவேன் என்பது சபதம். கேட்பதற்கு வீட்டில் மனைவி கிறிஸ்டல் பாய் ஒருத்திதான் இருந்தாள். அவளும் அந்நேரம் மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபடியால் சபதத்தை இரண்டாம் தடவையும் எடுக்க வேண்டியதாயிற்று.

காரணம் சின்னதல்ல. மெல்பர்னில் இருக்கும் மகள் ஜெஸ்பின், தன் பிள்ளையின் ஞானஸ்நான வீடியோவை முழுசாக அனுப்பியிருந்தாள். ஆறு ஜிபி. ஞாயிற்றுக்கிழமைக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அந்த லிங்க் செத்துப்போகும். போனில் துண்டு துண்டாகப் பார்த்ததில் கிறிஸ்டலுக்குத் திருப்தி இல்லை. தலையில் தண்ணீர் விழுந்தபோது பேரன் அழுதானா, போதகரை முறைத்தானா என்பது பெரிய திரையில் பார்த்தால்தான் தெரியும் என்றாள். கம்ப்யூட்டரோ இடமில்லை என்று சிவப்புக் கோட்டைக் காட்டிக் கையை விரித்துவிட்டது.

பழியை யார் தலையில் போடுவது என்று முதலில் ஒரு விசாரணை நடந்தது. சர்ச்சில் பெண்கள் பாடிய பாட்டுகளைக் கிறிஸ்டல் பதிவு செய்து வைத்திருந்தாள். இடத்தை எல்லாம் தின்பது அதுதான் என்று ஜாண் ரோஸ் குற்றம் சாட்டினார். அவள் மவுசை இரண்டு தட்டுத் தட்டி, பாட்டு மொத்தமும் அரை ஜிபிகூட இல்லை, அவருடைய மெயில் மட்டும் நாற்பத்தொரு ஜிபி என்று காட்டிவிட்டுத் தோசைக்கல்லைப் பார்க்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் சபதம்.

இடம் ஒழிப்பதில் தன்னை மிஞ்சத் தக்கலையில் ஆள் இல்லை என்பது ஜாண் ரோஸின் எண்ணம். சவுதியில் உள்ள தமாமில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வால்வு, பைப், நட்டு, போல்ட்டு என்று எது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஊருக்குத் திரும்பி ஐந்து வருஷம் ஆகியும் அடுக்களையில் உப்பு ஜாடி எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அது வேறு சங்கதி. கிறிஸ்டலுக்குக் கம்ப்யூட்டரில் வருகைப் பதிவும் சம்பளப் பில்லும் தவிர ஒன்றும் தெரியாது என்பதும் அவருடைய எண்ணம்தான். அவள் எய்டட் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தொன்பது வருஷமாக ஆபீஸ் கிளார்க்.

அவருடைய மெயில் புரோகிராம் பழைய வகை. வருகிற மெயிலை எல்லாம் நெட்டிலிருந்து இறக்கி, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஃபோல்டர் ஃபோல்டராகச் சேர்த்து வைக்கும். தமாம் லேப்டாப்பில் இருந்ததை அப்படியே தூக்கி வந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் குடிவைத்திருந்தார். குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது கிறிஸ்டல் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், தன் பேரில் இருக்கிற ஃபோல்டரை மட்டும் தொடக் கூடாது.

ஜாண் ரோஸுக்கு மனசு புண்பட்டுப்போயிற்று. "அதை நான் தொடுவேனா? அது எனக்க உசிராக்கும்" என்றார்.

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

ஒன்பது மணிக்கு வேலை தொடங்கியது. முதலில் திறந்தது 2003-இல் வந்த வால்வுப் பட்டியல். அதை அழிக்க மனம் வரவில்லை. அந்த வால்வுகளை அவரே எண்ணி அடுக்கியிருந்தார். அடுத்தது ஒரு பாகிஸ்தானி போர்மேன் அனுப்பிய பெருநாள் வாழ்த்து. அதுவும் இருக்கட்டும். பத்து மணி ஆனபோது நான்கு மெயில் அழிந்திருந்தது. அதில் ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்திருந்தார்.

இப்படிப் போனால் பேரனின் கல்யாண வீடியோவே வந்துவிடும் என்று தோன்றவே மனசைக் கல்லாக்கிக்கொண்டார். விளம்பரம், லாட்டரிப் பரிசு, யாரோ யாருக்கோ அனுப்பிய சிரிப்புத் துணுக்கு, பத்து பேருக்கு அனுப்பாவிட்டால் நாசம் வரும் என்ற ஜெபம் என்று வாரி வாரிப் போட்டார். பதினாலாயிரம் மெயில். உடம்பே லேசாகிவிட்டதுபோல் இருந்தது. ஒரு கட்டன்சாயா போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தார். சிவப்புக் கோடு போட்டது போட்டபடி நின்றது.

குப்பைத்தொட்டியைக் காலி பண்ண மறந்துவிட்டோம் என்று அதையும் காலி பண்ணினார். கோடு அசையவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டார். அப்போதும் அப்படியே. பதினாலாயிரம் பேர் இறங்கிப் போன பஸ்ஸில் உட்கார இடமில்லை என்றால் என்ன நியாயம் என்று கம்ப்யூட்டரைக் கேட்டார். பதில் இல்லாததால் மைதீன் கனிக்குப் போன் பண்ணினார்.

மைதீன் கனியும் அவரும் தமாமில் பதினோரு வருஷம் ஒரே அறையில் மேலும் கீழுமாகக் கட்டில் போட்டுக் கிடந்தவர்கள். மைதீன் இப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கவர் விற்கிறார். அதனால் தெருவில் பாதி இன்ஜினியர் என்று பெயர். வந்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், திரையைப் பார்த்தார்.

"மக்கா, கொசுவை அடிச்சா வீடு காலியாவுமா? கட்டிலைத் தூக்கி வெளிய போடு" என்றார்.

எது கட்டில் என்று பார்க்க ஃபோல்டர்களை எடைவாரியாக வரிசைப்படுத்தினார்கள். மேலே வந்து நின்றது 'கிறிஸ்டல்'. எண்ணூற்று நாற்பத்தாறு மெயில், ஏழு ஜிபி.

அது அப்படிப் பெருத்ததற்குக் காரணம் உண்டு. 2005 முதல் எட்டு வருஷம் கிறிஸ்டல் அவருக்குக் கடிதம் கடிதமாக மெயில் போட்டாள். முதலில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, பிறகு பள்ளிக்கூடத்து ஆபீஸில் இருந்து. வீடு கட்டும்போது செங்கல் வரி வரியாக எழும்பியதைப் படம் எடுத்து அனுப்பினாள். ஜெஸ்பினின் மார்க் லிஸ்ட், முளைவிட்ட தென்னம்பிள்ளை, பெயிண்டுக் கலர் அட்டை என்று ஒன்று விடவில்லை.

ஜாண் ரோஸ் தயங்கத்தான் செய்தார். மைதீன் கனிதான் தைரியம் கொடுத்தார். படம் எல்லாம் ஆல்பத்தில் இருக்கிறது, ஆளும் வீட்டில் இருக்கிறாள், பிறகு என்ன என்றார். சரி, படம் இருக்கிற மெயிலை மட்டும் எடுப்போம் என்று முடிவாயிற்று. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பக்கத்தில் மைதீன் கனி, குளச்சலில் மருமகன் வாங்கிய வள்ளத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை சுவாரசியமான இடத்துக்கு வந்தபோது ஜாண் ரோஸின் விரல் எங்கே பட்டதோ, எல்லாம் ஒரேயடியாக நீலமாயிற்று. நிச்சயமாக அழிக்கவா, திரும்பக் கிடைக்காது என்று கம்ப்யூட்டர் கேட்டது. அது கேட்கிற எதற்கும் சரி என்று சொல்லிப் பழகிய விரல் சரி என்றது.

ஃபோல்டர் வெள்ளைவெளேரென்று ஆயிற்று. சிவப்புக் கோடு மட்டும் ஒரு நூல்கூடக் குறையவில்லை. கடிதமும் போயிற்று, இடமும் வரவில்லை.

மைதீன் கனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, லுஹர் என்கிற மத்தியானத் தொழுகைக்கு நேரமாயிற்று என்று எழும்பினார். அப்போது மணி பதினொன்று பத்து.

தனியாக விடப்பட்ட ஜாண் ரோஸ் அரை மணி நேரம் வேர்த்தார். பிறகு அவருக்குள் இருந்த ஸ்டோர் கீப்பர் விழித்துக்கொண்டார். தமாமில் ஆடிட்டர் வருவதுண்டு. பெட்டியின் எண்ணிக்கை சரியாக இருந்தால் எந்த ஆடிட்டரும் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. ஜாண் ரோஸ் தன்னுடைய வால்வுப் பட்டியல்களில் இருந்து சரியாக எண்ணூற்று நாற்பத்தாறை எண்ணி எடுத்துக் 'கிறிஸ்டல்' ஃபோல்டருக்குள் நகர்த்தி வைத்தார். இரண்டு தடவை எண்ணிச் சரிபார்த்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்.

ஒன்றே காலுக்குக் கிறிஸ்டல் வந்தாள். கையைக் கழுவிவிட்டு நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இடம் ஒழிந்ததா என்று கேட்டாள். ஒழிந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்றார். எனக்க ஃபோல்டர் என்றாள். எண்ணூற்று நாற்பத்தாறும் பத்திரம், வேண்டுமென்றால் எண்ணிப் பார்த்துக்கொள் என்றார். அவள் எண்ணவில்லை. முதல் மெயிலைத் திறந்தாள்.

"நாலு இஞ்சு கேட் வால்வு, அறுபது எண்ணம்" என்று வாசித்தாள் கிறிஸ்டல். "இதை நான் எப்ப உங்களுக்கு எழுதினேன்?"

ஜாண் ரோஸ் சரணடைந்தார். ஆனால் முழுசாக அல்ல. கைதவறி அழிந்துவிட்டதை ஒத்துக்கொண்ட கையோடு, அதனால் ஒரு நஷ்டமும் இல்லை என்று விளக்க ஆரம்பித்தார். தமாமில் டூட்டி முடிந்து வந்து ஒவ்வொரு கடிதத்தையும் பத்துத் தடவை வாசித்திருக்கிறாராம். ஒரு வரி விடாமல் மனப்பாடமாம். கம்ப்யூட்டரில் போனால் என்ன, இதோ இங்கே இருக்கிறது என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"ஒண்ணு விடாம வாசிச்சியளா?"

"ஒண்ணு விடாம."

கிறிஸ்டல் தலையை ஆட்டினாள். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சிவப்புக் கோட்டைப் பார்த்தாள், காலையில் இருந்து எத்தனை மெயில் அழித்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

"அழிச்சும் இடம் வரல்லைன்னா என்ன அர்த்தம்? ஒண்ணும் வெளிய போவல்லைன்னு அர்த்தம். ரெஜிஸ்டர்ல பேரை வெட்டினா பய பெஞ்சை விட்டு எழும்பிருவானா? அங்கதான் இருப்பான்" என்றாள்.

இந்த மாதிரிப் புரோகிராமில் மெயிலை அழித்தால் அதன் தலையில் ஒரு வெட்டுக்குறிதான் விழும் என்றும், சரக்கு ஃபைலுக்குள் அப்படியேதான் கிடக்கும் என்றும் சொன்னாள். காம்பேக்ட் என்று ஒன்று இருக்கிறது. அதை அமுக்கினால்தான் வெட்டுப்பட்டவை நிஜமாக வெளியே போய் ஃபைல் சுருங்கும். அதை அமுக்காததுதான் அவர் இன்றைக்குச் செய்த ஒரே நல்ல காரியம். இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் வருஷத்துக்கு இரண்டு தடவை இதே வேலையைச் செய்து வைப்பார், நாகர்கோவிலில் இருந்து வருகிற ஆள் சரிபண்ணுவதைப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்றாள்.

கைப்பையில் இருந்து பென் டிரைவை எடுத்து அந்த ஃபைலை அதில் நகல் எடுக்கப் போட்டாள். நகல் ஆகிற நேரத்தில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் சாப்பிட்டார்கள். ஜாண் ரோஸுக்குப் பசி நன்றாக இருந்தது. ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இரண்டாம் தடவையும் கறி கேட்டு வாங்கினார். அவள் விளம்பினாள்.

சாப்பிட்டு வந்து அவள் நகலைத் திறந்து வெட்டுக்குறிகளை மாற்றினாள். வால்வுகளை அவற்றின் பழைய இடத்துக்கு அனுப்பினாள். திருத்திய ஃபைலைப் பழையதின் இடத்தில் கொண்டுவந்து வைத்து, ஃபோல்டரைப் புதுசாக அடுக்கச் சொன்னாள். வெள்ளையாகக் கிடந்த திரையில் கடிதங்கள் ஒவ்வொரு வரியாக முளைத்தன. எண்ணூற்று நாற்பத்தாறும் வந்துவிட்டன. ஜாண் ரோஸ் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். ஸ்தோத்திரம் முடிவதற்குள் அவர் கண்ணிலும் அது பட்டுவிட்டது. மேலே உள்ளவை எல்லாம் மெலிந்த எழுத்து. கீழே போகப் போக, நடுநடுவே கொத்துக் கொத்தாகத் தடித்த எழுத்து.

"இது ஏன் தடிச்சிருக்கு?" என்று கிறிஸ்டல் கேட்டாள்.

"அது முக்கியமானது. நாந்தான் தடிக்க வச்சேன்."

"எங்க ஆபீஸ்ல திறந்தே பாக்காத மெயிலுதான் தடிச்சிருக்கும்."

"தமாம்ல வேற மாதிரி."

அவள் ஒன்றைத் தட்டினாள். அது திறந்தது. பட்டியலில் அதன் எழுத்து சட்டென்று மெலிந்தது. ஜாண் ரோஸ் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். தெருவில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று தடித்தவை என்று கம்ப்யூட்டரே எண்ணிச் சொல்லிவிட்டது.

திறந்த கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். 2008 மார்ச் மாதம். மாடிப்படியை வீட்டுக்குள்ளே வைக்கவா வெளியே வைக்கவா என்று கொத்தனார் கேட்கிறார், வெளியே வைத்தால் மழைக்கு நனைய வேண்டும், உள்ளே வைத்தால் ஒரு படுக்கை முறி சின்னதாகும், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், பதில் வராவிட்டால் வெளியே வைத்துவிடுவேன் என்று இருந்தது.

அந்த வீட்டின் மாடிப்படி வெளியேதான் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் நனைந்துகொண்டே ஏறும்போது, ஒரு வார்த்தை என்னிடம் கேட்டாயா என்று பதினாறு வருஷமாகக் கேட்டு வருகிறார் ஜாண் ரோஸ். மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம்கூடச் சொல்லி முறையிட்டிருக்கிறார்.

அடுத்த தடித்ததைத் திறந்தாள். முற்றத்து அயனி மரம் சுவரில் சாய்கிறது, வெட்டவா. அதற்கடுத்தது, ஜெஸ்பின் நர்சிங் வேண்டாம் பி.காம். போதும் என்கிறாள், நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள். கேட்காமல் செய்தாய் என்று அவர் குறைப்பட்டுக்கொண்ட அத்தனைக்கும் அங்கே ஒரு கடிதம் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை தவணையும் இருந்தது.

இப்போது ஜாண் ரோஸுக்குப் பொய் எதுவும் கைவசம் இல்லை. உள்ளதைச் சொன்னார். முதல் மூன்று வருஷம் வந்ததை எல்லாம் பத்துத் தடவை வாசித்தது சத்தியம். பிறகு ஓவர்டைம், மேலே மேலே சரக்கு, கண் எரிச்சல். நாளைக்கு நிதானமாக உட்கார்ந்து வாசிப்போம் என்று எடுத்து வைத்தது அப்படியே சேர்ந்துபோயிற்று. வெள்ளிக்கிழமை போனில்தான் பேசுகிறோமே என்றும் ஒரு நினைப்பு.

"போன்ல உங்க அம்மையும் தங்கச்சியும் பேசி முடியுமுன்ன கார்டு தீந்திரும்" என்றாள் கிறிஸ்டல். "எனக்குக் கெடச்சது இந்த மெயிலுதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவருடைய வழுக்கையில் ஒட்டியிருந்த கருவேப்பிலைத் துண்டை எடுத்துக் கீழே போட்டாள். சாளைக் கறியில் இருந்து அது எப்படி அங்கே ஏறியது என்று அவள் கேட்கவில்லை. பதில் வரும் என்று எழுதியது பாதிதான், மீதிப் பாதி யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்ததால் எழுதியது என்று மட்டும் சொன்னாள்.

பிறகு எழும்பி நின்று தீர்ப்பைச் சொன்னாள். தடித்த கடிதம் இருநூற்றுப் பதின்மூன்றையும் அவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். "டாக்டர் சொல்லி நீங்க மெலியல்ல. இதுவளாவது மெலியட்டும்" என்றாள்.

அதற்கு முன்னே மற்ற ஃபோல்டர்களைக் காம்பேக்ட் பண்ணினாள். அந்த வேலைக்கே கொஞ்சம் இடம் வேண்டுமாம். அதனால் சின்ன ஃபோல்டரில் தொடங்கி, அதில் கிடைத்த இடத்தை வைத்துப் பெரியதுக்குப் போனாள். சிவப்புக் கோடு பச்சையாயிற்று. காலையில் இருந்து போகாமல் அடம்பிடித்த பதினாலாயிரமும் கூட்டமாக இறங்கிப் போயின. பன்னிரண்டு ஜிபி. ஞானஸ்நான வீடியோவை இறக்கப் போட்டார்கள். நாலு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். தலையில் தண்ணீர் விழுந்தபோது பேரன் அழவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கொட்டாவி விட்டான். அது அப்படியே ஜாண் ரோஸ் குடும்பத்துப் பழக்கம் என்று கிறிஸ்டல் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

ஜாண் ரோஸ் கடிதங்களுக்குத் திரும்பினார். வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினார். நாலாவது கடிதத்தில் சிரித்தார். ஏழாவது கடிதத்தில் அவருடைய அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து கிறிஸ்டல் ஒற்றைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனது இருந்தது. அதை இரண்டு தடவை வாசித்தார். இதுவரைக்கும் அவரிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. இல்லை, சொல்லியிருக்கிறாள், இதோ இங்கே.

இன்னும் எத்தனை இருக்கிறது என்று பார்க்கக் கடைசிவரை இறங்கினார். எல்லாவற்றுக்கும் கீழே, 2012 டிசம்பரில் வந்தது ஒன்று தடித்துக் கிடந்தது. தலைப்பு, அவசரம். பயந்துகொண்டே திறந்தார். மூன்று வரிதான்.

'நான் எழுதுவதை நீங்கள் இப்போதெல்லாம் வாசிப்பதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். இதை வாசித்தால் உடனே எனக்கு ஒரு மிஸ்டு கால் தாருங்கள். வராவிட்டால் இனி எழுத மாட்டேன், கேட்கவும் மாட்டேன், எனக்குச் சரியென்று பட்டதைச் செய்துகொள்வேன்.'

அதற்குப் பிறகு அந்த ஃபோல்டரில் கடிதம் இல்லை.

ஜாண் ரோஸ் நாற்காலியில் அப்படியே இருந்தார். இன்றைக்குக் காலையில் அவர் உசிர் என்று சொன்னபோது அவள் ஒரு கணம் நின்று பார்த்தது நினைவுக்கு வந்தது. மத்தியானம் ஒன்று விடாமலா என்று கேட்டதும் வந்தது. போனை எடுத்தார். வைத்தார். திரும்ப எடுத்து, அவள் நம்பரைத் தட்டி, ஒரே ஒரு மணி அடித்ததும் துண்டித்தார்.

அடுக்களையில் மணி அடித்து நின்றது. கரண்டிச் சத்தமும் நின்றது. பிறகு அங்கிருந்து குரல் வந்தது.

"கெடச்சுது. பன்னெண்டு வருஷம் லேட்டு. வந்து உள்ளியை உரிங்க."